மேப்பிள் பாணி காய்ச்சும் விறகடுப்பு

நேயர்களுக்கு என் வணக்கம். இரவில் உறைபனியும் பகலில் பனி உருகும் இளஞ்சூடும் மாறி மாறி வரும் நாட்கள் இங்கே கனடாவின் ஒன்ராறியோவில் தொடங்கிவிட்டன. சர்க்கரை மேப்பிள் மரங்களில் சாறு ஓடுவது இந்த நாட்களில்தான். மொட்டுகள் விரிந்தவுடன் சாற்றின் சுவை கெட்டுப் பருவமும் முடிந்துவிடும். மரத்தில் துளையிடுவதையும் வாளி கட்டுவதையும் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் பேச விரும்புவது, அந்தச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாணியாக்கும், அதாவது இனிப்புப் பாகாக்கும், விறகடுப்பை நம் வீட்டுப் பட்டறையிலேயே அமைத்துக்கொள்வதைப் பற்றி.

மேப்பிள் சாறு பார்வைக்குத் தண்ணீரேதான். அதில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்குதான் சர்க்கரை. பாணியிலோ நூற்றுக்கு 66 பங்காவது இருக்க வேண்டும். எனவே ஒரு லிட்டர் பாணிக்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு தேவைப்படுகிறது. மற்ற 39 லிட்டரும் ஆவியாகிப் போக வேண்டிய தண்ணீர். இந்த 39 லிட்டரை மட்டும் நேயர்கள் நினைவில் வைத்திருங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் அதைப் பற்றியதே.

தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தால் சில நிமிடங்களில் கொதித்துவிடும். அதே கேத்தல் முற்றாக வற்றி அடி காய்வதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்று எண்ணிப் பாருங்கள். உறைநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 420 கிலோஜூல் வெப்பம் போதும். கொதிக்கும் அந்த நீரை முழுதாக ஆவியாக்க ஏறக்குறைய 2,257 கிலோஜூல், அதாவது ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம் வேண்டும். கொதிக்க வைப்பது எளிது, வற்ற வைப்பதே பாடு. சமையல் அடுப்புக்கும் பாணி அடுப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

முதலில் தட்டம். ஆழமான பானை இங்கே உதவாது. அகலமான, தட்டையான தட்டமே வேண்டும். அடியில் தீ படும் பரப்பும், மேலே ஆவி எழும் பரப்பும்தான் வேகத்தை முடிவு செய்கின்றன. நன்றாக எரியும் அடுப்பின் மேல், ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தட்டையான தட்டம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீரை வெளியேற்றும் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் கையாளும் கணக்கு. தட்டம் துருப்பிடிக்காத உருக்கில் செய்யப்பட்டதாக இருக்கட்டும். பழைய பொருட்கள் விற்கும் இடங்களில் அழகான பழங்காலத் தட்டங்கள் கிடைக்கும்; ஆனால் அவற்றின் மூட்டுகளில் ஈயம் கலந்த பற்றாசு, அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டும் பொருள், இருக்கக்கூடும். மணிக்கணக்காகக் கொதித்துச் சுண்டும் உணவுப் பொருளில் ஈயம் சேரும் என்பதால், அவற்றைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாமே தவிர அடுப்பில் ஏற்றக் கூடாது.

அடுத்தது அடுப்பு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச அனுமதி கேட்கிறேன்.

முதல் ஆண்டு நான் ஒரு 200 லிட்டர் இரும்புப் பீப்பாயைப் படுக்கவைத்து, மேற்பக்கத்தை வெட்டித் திறந்து, அதன் பழைய பூச்சு முழுவதும் வெளிமுற்றத்தில் எரிந்து போகும் வரை வெறும் தீ மூட்டி, பிறகு பட்டறைக்குள் கொண்டுவந்து உள்ளே தீச்செங்கல் பதித்தேன். மேலே 50 சென்ரிமீற்றர் அகலமும் 80 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட தட்டம். நான் சொன்ன கணக்கின்படி அது மணித்தியாலத்துக்கு 16 லிட்டர் வற்ற வைக்க வேண்டும். விடியற்காலையில் 80 லிட்டர் சாற்றோடு தொடங்கினேன். பத்து மணித்தியாலம் விறகு திணித்த பின்னும் பாதிச் சாறு அப்படியே இருந்தது.

அந்த மாலையில், குடும்பத்து மேப்பிள் தோப்பில் ஐம்பது ஆண்டுகளாகப் பாணி காய்ச்சிவரும் அயலவர் ஒருவர் வந்தார். அவர் பட்டறைக்குள் வரவில்லை. வெளியே நின்று புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னங்கரிய புகை எழுந்துகொண்டிருந்தது. அதோ போவது புகையல்ல, உன் எரியாத விறகு என்றார். அந்தச் சொல்லைத்தான் இன்றுவரை அடுப்புக் கட்ட விரும்புகின்ற எல்லோருக்கும் நான் சொல்லி வருகிறேன்.

அவர் காட்டிய குறைகள் மூன்று. விறகைப் பீப்பாயின் தரையிலேயே அடுக்கியிருந்ததால் அடியிலிருந்து காற்று வர வழியில்லை. விறகு முந்தின இலையுதிர் காலத்தில் வெட்டியது, பிளவுகளும் தடிமன். அதில் இருந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு செலவாகிவிட்டது. மூன்றாவதாக, அடுப்பின் பின்பகுதி ஆழமாக இருந்ததால், சுவாலை தட்டத்தைத் தொடாமலே புகைபோக்கிக்குப் போய்விட்டது. ஆகவே இரும்புக் கிராதி வைத்து அதன் கீழே காற்றுக்கதவு அமைத்தோம். பின்பகுதியை மணலும் செங்கல்லும் கொண்டு சரிவாக உயர்த்தி, தட்டத்துக்கும் சரிவுக்கும் இடையே நான்கு விரற்கடை மட்டும் விட்டோம். அடுப்பின் நீளத்தைப் போல இரு மடங்குக்குக் குறையாத உயரம் புகைபோக்கிக்கு வேண்டும் என்ற பழைய விதிப்படி அதையும் நீட்டினோம். அவரிடமிருந்து இரண்டு கோடை காய்ந்த விறகை வாங்கி, மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை சில துண்டுகளை மட்டும் போட்டுக் கதவை உடனே மூடினேன். அடுத்த சனிக்கிழமை, அதே 80 லிட்டர் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. புகைபோக்கியின் வாயில் புகையே இல்லை. வெப்பத்தில் காற்று நெளிவது மட்டும் தெரிந்தது. மறுபடியும் சொல்கிறேன்: அடுப்பு எப்படி எரிகிறது என்று அறிய உள்ளே பார்க்க வேண்டாம், வெளியே வந்து புகைபோக்கியைப் பாருங்கள்.

பட்டறைக்குள் காய்ச்சுவோருக்கு இன்னொரு கடமை உண்டு. மணித்தியாலத்துக்கு 16 லிட்டர் தண்ணீர் ஆவியாக எழுகிறது என்றால், அதற்கு வழி அமைக்காவிட்டால் அது கூரையிலும் சுவரிலும் படிந்து, வாளையும் அரத்தையும் உளியையும் துருவேற்றிவிடும். தட்டத்தின் மேலே ஒரு தகரக் கூடாரம் அமைத்து, அதிலிருந்து கூரைக்குத் தனிக்குழாய் விட வேண்டும். குளிர்ந்து வழியும் நீர் மீண்டும் தட்டத்தில் சொட்டாதபடி கூடாரத்தின் விளிம்பில் சிறு பீலி வைக்க வேண்டும். தீ, அறையின் காற்றை உண்ணும். ஆகவே சன்னல் திறந்திருக்கட்டும், காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவியும் இருக்கட்டும். மரத்தூளைக் கூட்டி அகற்றுங்கள். மெருகெண்ணெயும் வண்ணக் கலவைகளும் அந்தக் கூரையின் கீழே இருக்கவே கூடாது. சுவரிலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும், புகைபோக்கி கூரையைக் கடக்கும் இடம் எப்படியிருக்க வேண்டும் என்பவற்றை உள்ளூர்த் தீயணைப்புப் பிரிவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்ட பிறகே முதல் செங்கல்லை வையுங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. பதம் பார்ப்பதைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிவிடுகிறேன். தட்டத்தில் சாறு நான்கைந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கீழே போக விடாதீர்கள். அடிப்பிடித்தால் சாறும் போகும், தட்டமும் வளையும். நுரை பொங்கினால் ஒரு சிறு துளி வெண்ணெய் போதும். அன்று உங்கள் அடுப்பில் வெறுந்தண்ணீர் எந்தப் பாகையில் கொதிக்கிறதோ, அதற்கு மேல் 4 பாகை செல்சியஸ் ஏறினால் பாணி ஆயிற்று. காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறுவதால், இதை நாள்தோறும் அளந்து பார்க்க வேண்டும். கடைசிச் சில லிட்டரை வாயு அடுப்புக்கு மாற்றி நிதானமாக முடிப்பது நல்லது. சூடாக இருக்கும்போதே தடித்த கம்பளித் துணியில் வடித்து, 85 பாகைக்குக் குறையாமல் போத்தலில் அடையுங்கள். அந்த வடிதுணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம், அடுத்த பாணியில் அதன் வாடை ஏறும். வெந்நீர் மட்டும் போதும். நன்றி, வணக்கம்.