வாயில் ஊதணுமா, நெஞ்சை மட்டும் அமுக்கினா போதுமா?

[காட்சி: தரையில் பயிற்சி பொம்மை. பக்கத்தில் ஒருவர் மண்டியிடுகிறார்.]

கண் முன்னாடி ஒருத்தர் திடீர்னு சாய்ஞ்சு விழுறார். தோளைத் தட்டிக் கூப்பிட்டா அசைவே இல்ல. மீன் மாதிரி வாயை மட்டும் திறந்து திறந்து மூடுறார். "மூச்சு இருக்கு"ன்னு நிறைய பேர் விட்டுடுறாங்க. அது மூச்சு இல்லங்க. இதயம் நின்ன பிறகும் சில நிமிஷம் வர்ற திணறல். உடனே சிபிஆர் ஆரம்பிக்கணும், அதாவது இதயம் நின்னவருக்கு நெஞ்சை அமுக்கி ரத்தத்தை ஓட்டிவிடற முதலுதவி.

எப்படி? 30 தடவை நெஞ்சை அமுக்கி, 2 தடவை வாயில ஊதுறது ஒரு முறை. ஊதாம, விடாம அமுக்கிக்கிட்டே இருக்கறது இன்னொரு முறை.

ஊதுறதுக்காகக் கையை எடுத்ததும் இதயத்துக்குப் போற ரத்த அழுத்தம் சரிஞ்சிடும். திரும்ப ஏத்தப் பல அமுக்கு தேவை. திடீர்னு விழுந்த பெரியவங்க ரத்தத்துல சில நிமிஷத்துக்கு ஆக்சிஜன் இருக்கும். அதை மூளைக்கு ஓட்டிவிடறதுதான் முதல் வேலை.

[காட்சி: சியாட்டில் வரைபடம்.]

அமெரிக்காவோட சியாட்டில்ல, அவசர உதவிக்குக் கூப்பிட்டவங்களுக்கு போன்லயே சிபிஆர் சொல்லிக்கொடுத்தாங்க. யாருக்கு எந்த முறைன்னு குலுக்கல்ல முடிவாச்சு. 2000-ல முடிவு வந்தது: வெறும் அமுக்கல்ல 14.6 சதவீதம் பேர் உயிரோட வீடு திரும்பினாங்க, ஊதினதுல 10.4. ஆளெண்ணிக்கை சின்னது, அதனால இது தற்செயலாவும் இருக்கலாம். இதே மாதிரி மூணு ஆய்வைச் சேர்த்து 2010-ல பார்த்தப்போ வெறும் அமுக்கல்ல 14 சதவீதம், ஊதினதுல 12. வித்தியாசம் சின்னது, ஆனா ஊதாததால யாரும் நஷ்டப்படல.

எனக்கு இதைவிடப் பெருசாத் தெரியறது அரிசோனா மாநிலம். 2005-லேர்ந்து அங்க மக்களுக்கு "அமுக்கினாலே போதும்"னு சொல்லிக்கொடுத்தாங்க. பக்கத்துல இருந்தவங்க சிபிஆர் பண்ணினது 28.2 சதவீதத்துலேர்ந்து 2009-க்குள்ள 39.9 ஆச்சு. முன்பின் தெரியாதவர் வாய்ல வாய் வைக்கத் தயங்கி நிக்கறவங்களையும் கை வைக்க வச்சது இந்த முறை.

ஆனா குழந்தைங்களுக்கும், தண்ணில மூழ்கினவங்களுக்கும் கதை வேற. அவங்களுக்குப் பெரும்பாலும் முதல்ல தீர்றது ஆக்சிஜன், அப்புறம்தான் இதயம் நிக்குது. வெறும் ரத்தத்தை ஓட்டிப் பிரயோஜனம் இல்ல. இங்க ஊதியே ஆகணும். தெரியலைன்னா அமுக்கவாவது செய்யுங்க.

[காட்சி: கைகள், மிக அருகில்.]

108-க்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க. உள்ளங்கையோட அடிப்பகுதி நெஞ்சு எலும்போட கீழ்ப்பாதியில, நடுவுல. அது மேல இன்னொரு கை. முழங்கை மடங்கக்கூடாது. 5 சென்டிமீட்டர் இறங்கணும், 6-ஐத் தாண்ட வேண்டாம். நிமிஷத்துக்கு 100-லேர்ந்து 120. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வரணும். ரெண்டு நிமிஷத்துல கை தளரும். பக்கத்துல ஆள் இருந்தா மாத்திக்கோங்க. ஏஇடி, அதாவது இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கற கருவி, கிடைச்சா உடனே போடுங்க, அது சொல்றபடி செய்யுங்க.

விலா எலும்பு முறியற சத்தம் கேட்கலாம். பயந்து நிறுத்தாதீங்க, எலும்பு அப்புறம் கூடும்.