கைமாற்று அரிசி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குருவிக்கு அரிசி போட்ட கதையைக் கேள்விப்படாத தமிழர் இருக்க மாட்டார்கள். புதுச்சேரியில் பாரதியார் குடியிருந்த வீடு. உலை வைக்க வேண்டிய அரிசியை முறத்தில் எடுத்து வைத்துவிட்டு மனைவி உள்ளே போகிறார். திரும்பி வந்து பார்த்தால் முற்றம் முழுக்கச் சிட்டுக்குருவிகள். கணவர் அரிசியை அள்ளி அள்ளி இறைத்துவிட்டு ஆனந்தமாகப் பாடிக்கொண்டிருக்கிறார். பள்ளி ஆண்டு விழாக்களில் இதை நாடகமாகப் போடுவார்கள். பாரதி வேஷம் கட்டிய பையனுக்கு மீசை, முண்டாசு, கோட்டு, பக்கம் பக்கமாக வசனம். செல்லம்மாள் வேஷம் கட்டிய பெண்ணுக்கு ஒரே ஒரு வரி: "ஐயையோ, சமையலுக்கு என்ன செய்வேன்?" சபை சிரிக்கும்.

அந்த ஒரு வரி மட்டும் கிடைத்த அம்மாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்த அரிசி எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கியது என்பார்கள். கைமாற்று வாங்கிக் குடும்பம் நடத்திய பெண்களுக்கு அதன் கணக்கு தெரியும். ஆழாக்கில் தலைதட்டி வாங்கினாலும் திருப்பும்போது கோபுரமாகக் குவித்துத்தான் கொடுக்க வேண்டும். அடுத்த தடவை கேட்கப் போகும்போது, வாசலில் நின்று முதலில் வேறு பேச்சு பேச வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, ஊரிலிருந்து கடிதம் வந்ததா என்று விசாரித்த பிறகுதான் முந்தானைக்கு அடியிலிருந்து பாத்திரம் வெளியே வரும். பாரதி குருவிக்குப் போட்டதை நான் குறை சொல்லவில்லை, குருவிக்கும் பசிதான். ஆனால் அன்று மத்தியானமும் அந்த வீட்டில் இலை போட்டாக வேண்டுமே. இரண்டாவது தடவையாகப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர் யார் என்று நாடகம் போடுகிறவர்கள் யோசிப்பதில்லை.

செல்லம்மாள் பிறந்தது 1890-ல், இன்றைய தென்காசி மாவட்டத்துக் கடையத்தில். 1897-ல் கல்யாணம். பெண்ணுக்கு ஏழு வயது, மாப்பிள்ளைக்குப் பதினான்கு. மறு வருஷமே மாமனார் காலமானார். மாப்பிள்ளை அத்தை வீட்டை நம்பிக் காசிக்குப் போய்விட்டார். அங்கே அவர் ஏதேதோ விபரீதங்களில் இறங்கியிருக்கிறார் என்று காதில் விழ, பயந்துபோய்க் கடிதம் எழுதியது அந்தச் சின்னப் பெண். பதில் வந்தது. அருமைக் காதலிக்கு என்று தொடங்கி, கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படித்து வந்தால் சந்தோஷப்படுவேன் என்று எழுதியிருந்தார் பாரதி. அழகான கடிதம்தான். கவலை தீர்ந்ததா என்பது வேறு விஷயம்.

1904-ல் மூத்தவள் தங்கம்மாள். 1908-ல் இளையவள் சகுந்தலா. அதே 1908-ல்தான் பாரதி எழுதிவந்த 'இந்தியா' பத்திரிகை மேல் அரசாங்கம் பாய, கைதுக்குத் தப்பிப் பாரதி பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்குப் போனார். வீட்டுக்காரர் எல்லை தாண்டிவிட்டார், நான்கு வயதுப் பெண் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். செல்லம்மாளுக்கு அப்போது பதினெட்டு வயது.

பிறகு குடும்பமும் புதுச்சேரி போய்ச் சேர்ந்தது. அந்தப் பத்து வருஷத்தைத் தமிழ்க் கவிதையின் பொற்காலம் என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். உண்மை. அடுப்படியிலிருந்து பார்த்தால் அது வேறு காலம். 1910-ல் 'இந்தியா' நின்றுபோனது. அத்தோடு கையில் வந்த சொற்ப வருமானமும் நின்றது. தெருமுனையில் ஆங்கிலேய அரசின் உளவாளிகள். தபாலில் வரும் பணம் வருமா, வழியில் மறிக்கப்படுமா, தெரியாது. வீட்டுச் சொந்தக்காரரான விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை பாக்கியைக் கேட்டு நெருக்காத புண்ணியவான். வேலைக்கு வந்த அம்மாக்கண்ணு அந்த வீட்டை விட்டுக்கொடுக்காதவள். இவர்களையெல்லாம் பாரதி எழுத்திலேயே பார்க்கலாம். ஆனால் செட்டியார் வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே கூசி நின்றது யார்? பாரதி யாரையும் எந்த நேரத்திலும் சாப்பிட அழைத்து வருவார். சாதி பார்க்க மாட்டார். அதைக் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். வந்தவருக்கு ரசத்தை நீட்டிப் பரிமாறிவிட்டு, குழந்தைகளைத் தூங்கவைத்து, கடைசியில் பாத்திரத்தின் அடியைச் சுரண்டியிருக்கக்கூடியவரையும் அந்தக் கொண்டாட்டத்தில் சேர்க்கலாமே என்பதுதான் என் வாதம்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைக் கடலூர் அருகே கைது செய்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சிறை. விடுதலையானதும் குடும்பம் கடையத்துக்கு வந்தது. பிறந்த ஊருக்குத் திரும்புவது எந்தப் பெண்ணுக்கும் கொஞ்சம் தெம்பு தரும். செல்லம்மாளுக்கு அதுவும் லபிக்கவில்லை. கணவர் கழுதைக்குட்டியைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கிறார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிறார். புதுமைப் பெண்ணைப் பாடியவர் அவர். அந்தப் புதுமைக்காக அக்கிரகாரத்துத் திண்ணைகளின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு மறுநாள் அதே தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போக வேண்டியவர் இவர். அந்தக் கையை அவர் உதறிக்கொண்டு ஓடவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

1921 செப்டம்பரில், சென்னைத் திருவல்லிக்கேணியில் பாரதி காலமானார். வயது முப்பத்தெட்டு. செல்லம்மாளுக்கு முப்பத்தொன்று. சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. மிச்சம் இருந்தவை கையெழுத்துப் பிரதிகளும் பழைய பத்திரிகைத் தாள்களும்தான்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துப் பிராமண விதவைக்கு ஊர் ஒதுக்கிவைத்த இடம் எது என்று உங்களுக்குத் தெரியும்: கொல்லைப்புறத்து இருட்டு அறை. செல்லம்மாள் 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் பதிப்பகம் தொடங்கினார். கணவர் போன மறு வருஷமே, 1922-ல், 'சுதேச கீதங்கள்' அச்சாகி வந்துவிட்டது. தாள் வாங்க வேண்டும், அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், வந்த புத்தகத்தை விற்க வேண்டும். பத்து வருஷம் இல்லாத பணத்தை வைத்துக் குடும்பக் கணக்கு போட்ட கைக்கு இந்தக் கணக்கும் பிடிபட்டது என்றே நினைக்கிறேன். ஆச்ரமம் நெடுநாள் ஓடவில்லை. பிறகு பாரதியின் தம்பி விசுவநாதன் முதலானோர் 'பாரதி பிரசுராலயம்' நடத்திப் பெரும் பணி செய்தார்கள். ஆனால் முதல் செங்கலை வைத்தவர் செல்லம்மாள். 1928-ல் ஆங்கில அரசு பாரதி பாடல்களைப் பறிமுதல் செய்தபோது பறிமுதல் செய்ய புத்தகம் என்று ஒன்று இருந்ததே, அதில் இவர் பங்கும் உண்டு.

1949-ல் ஓமந்தூரார் அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கி நாட்டுடைமையாக்கியது. செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய் கொடுத்தார்கள். மகாகவி என்று நாடே கொண்டாடியபோது அவர் மனைவி அறுபது வயதை நெருங்கியிருந்தார்.

1951-ல் திருச்சி வானொலி நிலையம் அவரைப் பேச அழைத்தது. அந்த உரையின் தலைப்பு 'என் கணவர்'. வறுமையையும் சொன்னார், பெருமையையும் சொன்னார். தங்கம்மாளும் சகுந்தலாவும்கூட எழுதினார்கள். அவர்கள் எழுதியதும் அப்பாவைப் பற்றித்தான். அதில் தப்பொன்றும் இல்லை, அப்படிப்பட்ட அப்பா. ஆனாலும் அந்த இரண்டு பெண்களுக்கும் தலைவாரிப் பின்னலிட்டு, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்து ஆளாக்கிய அம்மாவைப் பற்றித் தனியே ஒரு புத்தகம் அவர்கள் கையால் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஆற்றாமைதான்.

செல்லம்மாள் 1955-ல் காலமானார். கடையத்தில் 2022-ல் இருவரும் சேர்ந்து நிற்கும் சிலை வைத்திருக்கிறார்கள். குற்றாலம் போகிறவர்களுக்கு அது அப்படியொன்றும் சுற்று வழி கிடையாது; அடுத்த சீசனுக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.