பச்சை வட்டம் சொல்லாத சேதி

(கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த கலந்துரையாடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர் டயட் சோடாவை நஞ்சு என்றார். அவருக்கும் முன்னால் பேசியவர், சீனியே இல்லாததில் என்ன கெடுதல் என்று கேட்டார். இரண்டு பேருக்கும் நன்றாகவே கைதட்டினீர்கள். எனக்கு இருவரோடும் உடன்பாடில்லை.

டயட் சோடா குடித்தால் புற்றுநோய் வரும் என்ற பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். வாட்ஸ்அப்பில் சுற்றுவது அதுதான். 2023 ஜூலையில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டயட் சோடாவில் சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டியான அஸ்பார்ட்டேமை '2பி' பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் வரக்கூடும் என்ற ஐயம் உண்டு, சான்று போதாது என்பதுதான் அந்தப் பிரிவு. எவ்வளவு குடித்தால் ஆபத்து என்பது அந்த முகமையின் வேலையே அல்ல. அந்தக் கணக்கைப் பார்க்கும் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பு அப்படியே இருக்கட்டும் என்றது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதைத் தாண்டுவதற்குத் தினமும் 9 முதல் 14 டின் வரை குடிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியில் இந்தப் பாதி வருவதில்லை.

சரி, அப்படியென்றால் தாராளமாகக் குடிக்கலாமா? அதே ஆண்டு மே மாதம், எடையைக் கட்டுப்படுத்தச் சீனியல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றும் அதே நிறுவனம் ஆலோசனை சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஆலோசனை பொருந்தாது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் கவலை வேறு. 2016 முதல் நம் நாட்டில் சோடாப் போத்தல்களில் நிற வட்டம் போடுகிறார்கள். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. நல்ல ஏற்பாடு, நான் வரவேற்கிறேன். ஆனால் சீனியில்லாத டயட் சோடாவுக்கும் பச்சைதான் கிடைக்கும். கொழும்புக் காலி வீதிக் கடைகளில் நின்று பாருங்கள். போத்தலைத் திருப்பி வட்டத்தைப் பார்த்துவிட்டு, "பச்சைதானே, பிள்ளைக்குக் குடுக்கலாம்" என்று தாய்மார் எடுக்கிறார்கள். அந்தப் பச்சை சீனியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கோலாவில் உள்ள பொசுபோரிக் அமிலத்தைப் பற்றி அது வாயே திறக்காது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறைய அமிலம் கூடுதல்; டயட் கோலாவின் பிஎச் கிட்டத்தட்ட 3, பிஎச் 5.5க்குக் கீழே போனாலே பல் எனாமல் கரையத் தொடங்கும். பிள்ளை அதை மிடறு மிடறாக ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என் கட்சி இது: தினமும் இனிப்புச் சோடா குடித்துப் பழகியவர் டயட்டுக்கு மாறினால் அவருக்கு லாபம். தண்ணீரும் இளநீரும் குடித்து வளரும் பிள்ளைக்கு அதைப் புதிதாகப் பழக்குவது அநியாயம். கொத்து ரொட்டியை இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிட்டு டயட் சோடாவால் ஈடுகட்டலாம் என்று நினைப்பவருக்கு எந்த ஆய்வும் உதவாது.

இன்னொன்று. இந்தச் சபையில் இன்சுலின் போடுகிறவர்கள் இருப்பீர்கள். உடம்பு வியர்த்து, கை நடுங்கி, இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டதென்று தெரிந்தால் வீட்டார் அவசரத்தில் டயட் சோடாவை நீட்டிவிடக் கூடாது. அதில் சீனி இல்லை, ஒன்றும் ஏறாது. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால், 3 அல்லது 4 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இதை இன்றிரவே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.