டிகிரி அப்பறமும் படிக்கலாம், ஆட்டத்த இப்பவே படிக்கோணும்

நடுவர் ஐயா அவங்களுக்கும், தறிய நிறுத்திப்போட்டு வந்து உக்காந்திருக்கற சோமனூர் சனங்களுக்கும் வணக்கமுங்க.

எதிரணி அக்கா என்ன சொன்னாங்க? பிளஸ் டூ முடிச்ச புள்ளைய டிகிரிக்கு அனுப்பாம டான்ஸ் படிக்க அனுப்பறது கெணத்துல தள்ளி உடற மாதிரின்னாங்க, நீங்களும் கை தட்டுனீங்க. ஏனுங்க்கா, டான்ஸ் படிப்புன்னா ஆண்டு விழாவுக்கு ரெண்டு பாட்டுக்கு ஆடறதுன்னு நெனச்சுட்டீங்களா? சென்னைல இருக்கற கலாக்ஷேத்ராங்கற ஆட்டப் பள்ளிக்கூடத்துல பரதநாட்டிய டிப்ளமோ நாலு வருஷமுங்க, எஞ்சினியரிங்கும் அதே நாலு வருஷந்தான். பரதக் கலைஞர் ருக்மிணி தேவி 1936ல ஆரம்பிச்ச எடம் அது, 1993ல பார்லிமெண்ட்டே அதுக்குன்னு தனிச் சட்டம் போட்டுச்சு. சென்னைக்கு அனுப்ப மனசு வரலையா, ஈரோட்டுல அரசு இசைப்பள்ளி இருக்குது, கோயமுத்தூர்ல அரசு இசைக்கல்லூரி இருக்குது, பேரு இசைன்னாலும் அங்க பரதமும் படிக்கலாம்.

ஒரு நாள் கிளாஸ்ல போய் நின்னு பாருங்க. அரைமண்டின்னு முட்டிய மடக்கிப் பாதி உக்காந்த நெலைல, காலத் தரைல தட்டிப் பழகற தட்டடவு, முட்டி ரெண்டும் பக்கவாட்டுல விரியோணும், முதுகு வளையக்கூடாது, டீச்சர் தட்டுக்கழியால பலகைல தட்டி தெய்யா தெய்ன்னு சொல்லச் சொல்ல மொத காலம், ரெண்டாங்காலம், மூணாங்காலம்னு வேகம் ரெண்டு மடங்காகிட்டே போவும். மூணாங்காலத்துல தன்னால இடுப்பு மேல ஏறிக்கும், ஏறுச்சுன்னா மறுபடியும் மொதல்ல இருந்து, தொடை வெடவெடன்னு நடுங்கும். பதினேழு பதினெட்டு வயசுல தெனமும் மணிக்கணக்கா இதச் செஞ்சாத்தான் ஒடம்புல படியும். டிகிரிய முடிச்சுட்டு, ஒரு வேலையும் பாத்துட்டு, அப்பறம் முழுசா எறங்கறேன்னா முட்டி கேக்காதுங்க. பி.ஏ., பி.காம். அப்படியா? ஊட்டுல இருந்தே படிக்க இக்னோ இருக்குது, 2002ல இருந்து தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்குது, முப்பது வயசுலயும் உக்காந்து பரிச்சை எழுதலாம்.

சோறு போடுமான்னு கேட்டாங்க. மொத சில வருஷம் கஷ்டந்தானுங்க, நான் மறைக்கல. அரங்கேற்றம்னு சொல்லி லட்சக்கணக்குல செலவு இழுத்து உடற எடமும் இருக்குது, அதுல எனக்குக் கோவம் நெறைய. ஆனா பி.இ. முடிச்சுட்டு படிச்சதுக்குச் சம்பந்தமே இல்லாத வேலைல எத்தன பசங்க இருக்கறாங்கன்னு இங்க ஊட்டுக்கு ஊடு தெரியுமே. கால்ல அடிபட்டா என்ன பண்ணுவன்னும் கேட்டாங்க. முறையாப் படிச்ச புள்ளைக்குப் பாட்டும் தாளமும் தெரியும், உக்காந்து தாளம் தட்டி, சொல்லுச் சொல்லி ஆட்டத்த நடத்தற நட்டுவாங்கம் பண்ணும், நாலு புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கும்.

நம்ம காரமடைப் பக்கத்து பத்ரப்பன் ஐயா, வள்ளி முருகன் கதையப் பாடி ஆடற வள்ளி கும்மிக்கு வாத்தியாரு, அவருக்கு 2024ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஆம்பளைங்க மட்டுமே ஆடிட்டு இருந்த ஆட்டத்துல பொம்பளைங்களையும் பழக்கி எறக்கி உட்ட மனுசன். டிகிரியப் பாத்தா குடுத்தாங்க? ஆட்டத்தையும் சொல்லிக்குடுத்ததையும் பாத்துத்தானுங்க குடுத்தாங்க. இன்னைக்குக் கோயில் நோம்பின்னா ஒரே கலர் சேலைல புள்ளைங்க கும்மி ஆடுது, அப்பனும் ஆத்தாளும் மொத வரிசைல நின்னு போன்ல வீடியோ எடுக்கறாங்க, ஸ்டேட்டஸ் வெக்கறாங்க. அதே புள்ள பிளஸ் டூ முடிச்சுட்டு, நான் இதையே படிக்கறேன்னு கேட்டா மட்டும் ஊடே எழவு உழுந்த ஊடு மாதிரி ஆயிருது, எனக்கு அதுதானுங்க பொறுக்கல.

நடுவர் ஐயா, அந்தப் புள்ள பக்கம் தீர்ப்புச் சொல்லுங்க. நன்றிங்க.