ஜங்க் என்று எத்தனை முறை குறித்தாலும் ஸ்பேம் நிற்கவில்லையே, ஏன்?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "கம்ப்யூட்டரில் மெயில் பார்க்க தண்டர்பேர்ட் என்ற மென்பொருள் வைத்திருக்கிறேன். வருகிற ஸ்பேமை எல்லாம் தினமும் ஜங்க் என்று குறிக்கிறேன். ஆனாலும் லோன் தருகிறோம் மெயில்கள் இன்பாக்ஸுக்கே வருகின்றன, என் பேங்க் ஸ்டேட்மென்ட் ஜங்குக்குப் போகிறது. இந்த ஃபில்டர் வேலை செய்கிறதா இல்லையா?"

வேலை செய்கிறது. நீங்கள் அதற்குப் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறீர்கள்.

தண்டர்பேர்டில் இருப்பது பேய்ஸ் முறை ஃபில்டர். பேய்ஸ் என்பவர் இங்கிலாந்துப் பாதிரியார், அவர் இறந்த பிறகு 1763-இல் வெளியான நிகழ்தகவுக் கணக்குதான் இதற்கு அடிப்படை. பயப்படாதீர்கள், விஷயம் எளிது. நீங்கள் ஒரு மெயிலைக் குறித்ததும் அதைச் சொல் சொல்லாக உடைத்து, தலைப்பையும் அனுப்பியவர் விவரத்தையும்கூட விடாமல், ஒவ்வொரு சொல்லும் ஜங்க் மெயிலில் எத்தனை முறை வந்தது, நல்ல மெயிலில் எத்தனை முறை வந்தது என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்கிறது. புது மெயில் வந்தால் அதிலுள்ள சொற்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்து, ஜங்காக இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கணக்கிடும். அது 90-ஐத் தொட்டால் ஜங்க். அந்த 90 தண்டர்பேர்டிலேயே வருகிற அளவு.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். நீங்கள் ஜங்கை மட்டுமே குறித்தீர்கள். அப்படியானால் லோன், வட்டி, அக்கவுண்ட் எல்லாம் அந்த ஃபில்டரைப் பொறுத்தவரை ஜங்கில் மட்டுமே வருகிற சொற்கள். பேங்க் ஸ்டேட்மென்டிலும் அதே சொற்கள்தானே இருக்கின்றன? தூக்கி ஜங்கில் போட்டுவிட்டது, பாவம், அது என்ன செய்யும்! இன்பாக்ஸில் சும்மா கிடக்கிற மெயிலை அது நல்ல மெயில் என்று தானாக எடுத்துக்கொள்ளாது, இதுதான் பலருக்கும் தெரிவதில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஸ்டேட்மென்ட், டிக்கெட், ஆபீஸ் மெயில் என்று நல்லதாக ஒரு கட்டைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டோடு ஜே அழுத்துங்கள், ஜங்க் இல்லை என்று பதிவாகும். வெறும் ஜே அழுத்தினால் ஜங்க். ஜங்க் ஃபோல்டரிலிருந்து மவுஸால் இழுத்து இன்பாக்ஸில் போட்டால் மெயில்தான் இடம் மாறும், பாடம் போய்ச் சேராது.

சரி, லோன் மெயில் ஏன் தப்பி வருகிறது? ஒன்று, அனுப்புகிறவன் எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்து உடைத்திருப்பான், இல்லை மொத்தத்தையும் ஒரே படமாக அனுப்பியிருப்பான், எண்ணுவதற்குச் சொல்லே கிடைக்காது. இன்னொன்று, அட்ரஸ் புக். அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஜங்க் செட்டிங்ஸைத் திறந்தால், இந்த அட்ரஸ் புக்கில் இருப்பவர்களின் மெயிலைத் தானாக ஜங்க் என்று குறிக்காதே என்ற இடம் இருக்கும். அங்கே கலெக்டட் அட்ரசஸுக்கும் டிக் போட்டிருந்தால் கவனம். நீங்கள் யாருக்கு மெயில் போட்டாலும் அந்த முகவரி சத்தமில்லாமல் அதில் போய் உட்காரும். "இனி அனுப்பாதே" என்று ஸ்பேம்காரனுக்குப் பதில் போட்டீர்களா, அவனும் உங்கள் நம்பிக்கைப் பட்டியலில் சேர்ந்துவிட்டான். உங்கள் சொந்த முகவரியையும் அட்ரஸ் புக்கில் வைக்காதீர்கள், உங்கள் பெயரையே போட்டு உங்களுக்கே ஸ்பேம் அனுப்புவார்கள்.

அனுப்புகிற முகவரியைத் தடுக்க ஒவ்வொன்றாக ஃபில்டர் எழுதுகிறேன் என்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் வீண் வேலை. ஸ்பேமில் அந்த முகவரி பெரும்பாலும் போலி, நாளைக்கு வேறொன்றில் வருவான்.

கற்றுக்கொடுத்தது ரொம்பவே கோணலாகிவிட்டது என்று தோன்றினால் செட்டிங்ஸில் ட்ரெயினிங் டேட்டாவை ரீசெட் செய்ய ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் எல்லா அக்கவுண்டுக்கும் சேர்த்துப் போய்விடும், ஏனென்றால் ஒரு ப்ரொஃபைலுக்கு, அதாவது உங்கள் அக்கவுண்டுகளும் செட்டிங்ஸும் சேர்ந்திருக்கிற தொகுப்புக்கு, ஒரே பயிற்சிக் கோப்புதான். அழுத்திவிட்டு இந்த முறை இரண்டு பக்கமும் சொல்லிக்கொடுங்கள். அதுவரை, பழைய ஜங்க் மெயிலைத் தானாக அழிக்கிற ஆப்ஷனை மட்டும் ஆன் செய்துவிடாதீர்கள், ஸ்டேட்மென்டும் சேர்ந்து போய்விடும்.