நீரில்லா ஆறும் நியூயார்க் கோபுரமும்

அவைத் தலைவர் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பொறியாளர் பெருமக்களே, சால்வை போர்த்திய கையோடு "அரை மணி நேரம்தான் சார்" என்று காதில் சொல்லிவிட்டுப் போன நூலகர் அம்மா அவர்களே, கூட்டம் முடியும்வரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே (வாக்கு நினைவிருக்கட்டும்), காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, நியூயார்க்கில் ஆற்றோரம் நிற்கும் ஐ.நா. தலைமைச் செயலகக் கோபுரத்தின் வரலாறு. மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். இடம் எப்படிக் கிடைத்தது, கட்டடத்தை யார் வரைந்தார்கள், அந்தக் கண்ணாடிச் சுவர் என்ன பாடுபடுத்தியது.

அதற்கு முன்னால் நம் வேலூரைப் பற்றிய பழைய கேலி ஒன்று. மரமில்லா மலை, நீரில்லா ஆறு, மன்னனில்லா கோட்டை, சாமியில்லா கோயில். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்கிறேன் என்று என் வீட்டிலேயே சலித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கும் சொல்வேன்.

சரி, இடத்துக்கு வருவோம். 1946இல் ஐ.நா.வுக்குச் சொந்த வீடு கிடையாது. நியூயார்க்கை ஒட்டிய லேக் சக்ஸஸ் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் ஒண்டுக்குடித்தனம். பிலடெல்பியாவுக்குப் போய்விடலாம் என்று பேச்சு முற்றிவிட்டது. நியூயார்க்கை விட்டுப் போகக் கூடாதே என்று எண்ணெய்ப் பணக்காரர்களான ராக்ஃபெல்லர் குடும்பத்துக்குக் கவலை. முதலில் தங்கள் பண்ணை நிலத்தையே தரப் பார்த்தார்கள், ஊருக்கு ரொம்பத் தள்ளி என்று ஆகிவிட்டது. அப்போது வில்லியம் செக்கண்டார்ஃப் என்ற நில வியாபாரியிடம் ஆற்றோரம் ஏறக்குறைய 17 ஏக்கர் இருந்தது. அங்கே தனி நகரமே கட்டுவதாகக் கனவு கண்டுகொண்டிருந்த மனிதர்.

டிசம்பர் மாதம், ராத்திரி நேரம். கட்டடக் கலைஞர் வாலஸ் ஹாரிசன் அந்த இடத்தின் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடிப் போகிறார். ஆள் எங்கே? ஓர் இரவு விடுதியில் விருந்து, பாட்டு, கொண்டாட்டம். நம் ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்க வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அப்புறம் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் கையெழுத்து! (சிரிப்பு) அங்கே என்ன நடந்தது தெரியுமா? விருந்து மேசையிலேயே வரைபடத்தை விரித்து, 85 லட்சம் டாலர் என்று பேசி, அந்த வரைபடத்தின் மேலேயே கையெழுத்து. பணம் மூத்த ராக்ஃபெல்லரின் மகன் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியருடையது. டிசம்பர் 14 அன்று பொதுச்சபை நன்கொடையை ஏற்றுக்கொண்டது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்க எதுக்கு?" என்றார். (கைதட்டல்)

அந்த இடத்தில் அதுவரை என்ன இருந்தது என்று கேளுங்கள். ஆட்டுத்தொட்டி, மாட்டுத்தொட்டி, இறைச்சிக் கிடங்குகள். எதிரே 1920களில் டியூடர் சிட்டி என்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டினார்களே, ஆறு இருக்கும் கிழக்குப் பக்கம் சன்னலே கிட்டத்தட்ட வைக்கவில்லை. நாற்றம் அப்படி! ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் இடத்தின் பக்கத்தில் சன்னல் சாத்தி வாழ்ந்தவர்கள் நாம். தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்ன தீர்ப்பை இன்றும் நாடெங்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். வழக்குத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

கட்டடம் வரைந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஹாரிசன் தலைமையில் பல நாட்டுக் கலைஞர்கள் கூடினார்கள். சண்டிகரைப் பின்னால் வடிவமைத்த லெ கொர்பூசியே ஒருவர், பிரேசிலின் இளைஞர் ஆஸ்கர் நீமயர் ஒருவர். இரண்டு பேர் திட்டத்தையும் கலந்துதான் கடைசி வடிவம் வந்தது. 39 மாடி, 154 மீட்டர், தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல். குறுகிய இரண்டு பக்கமும் சன்னலில்லாத பளிங்கு, அகலமான பக்கங்கள் முழுக்கக் கண்ணாடி. 1950இல் ஊழியர்கள் குடிபுகுந்தார்கள். இன்னொன்று, கோபுரத்தின் ஓரம் இருக்கும் ஈஸ்ட் ரிவர் என்பது பேருக்குத்தான் ஆறு. கடலிலிருந்து கடலுக்குப் போகும் உப்புக் கால்வாய். அதற்கே இத்தனை மரியாதை!

நம் பாலாறு நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலம் கடந்து, தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடுகிற அசல் ஆறு. கண்டியின் கடைசி மன்னனுக்கு முத்துமண்டபம் கட்டியிருக்கிறோமே, அங்கிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கிப் பாருங்கள். சீமைக்கருவேலம், இடித்த வீட்டுச் செங்கல், உடைந்த கழிப்பறைப் பீங்கான், கோழிக்கழிவு மூட்டை. மூட்டையைப் பிரிக்கும் நாய்களுக்குப் பயந்து யாரும் கிட்டே போவதில்லை. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று செல்போனில் படம் எடுத்தது. தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி கொட்டியதும் இதே ஊர்தான்.

நாலு கேலியில் ஒன்று பொய்யாகிவிட்டது. 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்தார். சாமியில்லா கோயில் என்று இனி எவனும் சொல்ல முடியாது. மன்னனை வரவழைக்க முடியாது, வேண்டவும் வேண்டாம். நீரில்லா ஆறு என்பதை அடிக்கலாம். மழையை நான் கேட்கவில்லை, குப்பை கொட்டாதே என்கிறேன்.

கண்ணாடிச் சுவரைப் பற்றி... ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். வெயில் தாங்காது, தடுப்பு வையுங்கள் என்று லெ கொர்பூசியே அப்போதே எச்சரித்தார், கேட்கவில்லை என்பதோடு விடுகிறேன்.

வாசலில் மேசை போட்டு மனுப் படிவங்கள் வைத்திருக்கிறோம். விருதம்பட்டு முதல் சத்துவாச்சாரி வரை இரு கரையிலும் கட்டட இடிபாடு கொட்டுவதைத் தடுக்கக் கோரும் மனு. பெயர், வார்டு எண், கையெழுத்து மூன்றும் வேண்டும். முதல் கையெழுத்து வார்டு உறுப்பினருடையது, அவர் இன்னும் முன்வரிசையில்தான் இருக்கிறார். நன்றி, வணக்கம்.