கோடு போட்டவர் பக்கம்

நடுவர் ஐயா அவர்களே, என் அணியினரே, எதிரணியில் இருந்தாலும் நாளைக்குக் காலையில் இதே வாசிகசாலையில் என்னிடம் காமிக்ஸ் இரவல் கேட்கப்போகிற நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'சூப்பர் ஹீரோ காமிக்ஸைத் தாங்கி நிற்பது கதையா, ஓவியமா?' என்பது தலைப்பு. ஓவியமே என்று சொல்ல நான் எழுந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய மாஸ்டர் கதைதான் உயிர், ஓவியம் வெறும் அலங்காரம் என்றார். முல்லியவளையில் நின்றுகொண்டு இதைச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது? கோவலன் கூத்துப் பார்க்காத ஆள் இந்தச் சபையில் யார் இருக்கிறீர்கள்? கோவலன் கொலைப்படுவான், கண்ணகி நீதி கேட்பாள். இது தெரியாமல் எவராவது கூத்துக் களரிக்கு முன்னால் பாய் விரித்தாரா? முடிவு தெரிந்த கதைக்கு விடியும்வரை விழித்திருக்கிறோமே, எதற்காக? இந்தமுறை அண்ணாவியார் எப்படி ஆட்டுவிக்கிறார், கண்ணகிக்கு ஆடுபவர் எப்படி ஆடுகிறார் என்று பார்க்கத்தான்.

பேட்மேன் 1939இல் வந்த பாத்திரம். சின்னப் பெடியன் ஒருவனின் கண்முன்னால் தாயையும் தகப்பனையும் ஒரு திருடன் சுட்டுவிடுகிறான். அந்தப் பெடியன்தான் வளர்ந்து பேட்மேன் ஆகிறான். அன்றிலிருந்து இந்தக் காட்சியை எத்தனையோ பேர் திரும்பத் திரும்ப வரைந்துவிட்டார்கள். கதையின் அடிப்படை ஒன்றுதான். ஆனால் 1986இல் ஃப்ராங்க் மில்லர் என்ற ஓவியர் அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, தாயின் முத்துமாலை அறுந்து சிதறுவதை வரைந்தாரே, அதற்குப் பிறகு அந்தக் கொலை என்றாலே ரசிகனுக்கு முத்துகள்தான் ஞாபகம் வருகின்றன. பின்னால் வந்தவர்களும் அந்த முத்துகளை விடவில்லை. கதையில் ஒரு வரிகூடக் கூடவில்லை, மாஸ்டர். பார்த்த விதம் மாறியது.

அப்புறம், மாஸ்டர் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் கதாசிரியர் ஸ்டான் லீயின் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். நானும் தட்டினேன், பெரிய ஆள்தானே. ஆனால் அறுபதுகளில் மார்வெலில் வேலை எப்படி நடந்தது என்பதை மாஸ்டர் சொல்லாமல் விட்டுவிட்டார். லீ கதைச் சுருக்கத்தை எழுதியோ வாயால் சொல்லியோ கொடுப்பார். ஓவியர் வீட்டுக்குப் போய் முழு இதழையும் வரைவார். எந்தக் காட்சிக்கு எத்தனை கட்டம், யார் எங்கே நிற்கிறார், எந்த இடத்தில் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாம் அவர் முடிவு. படம் வந்த பிறகுதான் லீ வசனம் எழுதுவார். 1966இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 48ஆம் இதழுக்கு ஓவியர் ஜாக் கிர்பி வரைந்து கொண்டுவந்த பக்கங்களில், வெள்ளி உடம்போடு அலைப்பலகையில் வானத்தில் பறக்கிற ஒருவன் இருந்தான். லீ கேட்காத ஆள். உலகங்களையே தின்னும் கலாக்டஸுக்கு ஒரு தூதுவன் வேண்டும் என்று கிர்பிக்குத் தோன்றியிருக்கிறது, வரைந்துவிட்டார். பிற்காலத்தில் லீயே இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சில்வர் சர்ஃபர் என்று இன்றைக்கு உலகமே கொண்டாடும் அந்தப் பாத்திரம் யார் கதை? எழுதியவர் கதையா, வரைந்தவர் கதையா?

ஸ்பைடர்மேனுக்கு வருவோம். எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும், பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் தாராளமாக இல்லை. ஜாம் போத்தல் விளக்குத்தான். அந்த வெளிச்சத்தில், கை மாறிக் கை மாறி வந்த, முன்னட்டை இல்லாத ஆங்கிலக் காமிக்ஸ் ஒன்றைப் பார்த்தேன். எனக்கு அப்போது அதில் ஒரு வசனமும் விளங்காது. ஒருவன் மலைபோன்ற இயந்திரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறான். மேலே கூரையிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்குகிறது. எட்டாத தூரத்தில் ஒரு சின்னக் குப்பி. முயல்கிறான், முடியவில்லை. மறுபடி முயல்கிறான். அவன் நிமிர நிமிரக் கட்டங்களும் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு முழுப் பக்கத்தில் அந்தப் பாரத்தைத் தூக்கி எறிகிறான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அது 1966இல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33ஆம் இதழின் கதை என்பதும், குப்பியில் இருந்தது ஸ்பைடர்மேனை வளர்த்த மே மாமியின் உயிரைக் காக்கும் மருந்து என்பதும், வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ என்பதும் வளர்ந்த பிறகு அறிந்தவை. அந்தக் காலத்தில் கதைப்போக்கை அமைத்தவரும் டிட்கோதான் என்று இதழிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கங்களில் லீ நிறைய வசனம் எழுதியிருக்கிறார், நல்ல வசனம். பிறகு வாசித்தேன். ஆனால் அவற்றில் ஒன்றும் தெரியாமலேயே ஒரு பெடியன் அந்தப் பாரத்தைத் தன் முதுகில் உணர்ந்தானே!

நம் தமிழ் வாசகர் மறக்காத காமிக்ஸ் நாயகன் யார்? 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த இரும்புக்கை மாயாவி. உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும். அந்த ஒற்றைக் கையைக் கொண்டு கோபத்தையும் அவசரத்தையும் காட்டியவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் ஓவியர். முகமே இல்லாத நாயகனை நடிக்க வைத்திருக்கிறார், யோசித்துப் பாருங்கள்.

மாஸ்டரின் பெரிய ஆயுதம் 'வாட்ச்மென்' என்ற காமிக்ஸ். ஆலன் மூர் எழுதியது, 1986, 87இல் 12 இதழ்கள். கதாசிரியரின் வெற்றி என்றார். முதல் இதழுக்கு மட்டும் மூர் 100 பக்கத்துக்கு மேல் தட்டச்சுச் செய்து கொடுத்தார் என்றும் சொன்னார். உண்மை. ஆனால் அந்த 100 பக்கத்தில் என்ன எழுதியிருந்தது, மாஸ்டர்? பெரும்பகுதி, படத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதுதான். சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, மேசையில் என்ன கிடக்கிறது என்று. காமிக்ஸின் மிகப் பெரிய எழுத்தாளர் என்று நீங்கள் தூக்கிப்பிடிப்பவரே தன் சொற்களை ஓவியத்துக்காகத்தான் செலவழித்திருக்கிறார். டேவ் கிப்பன்ஸ் அதை ஒரு பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற ஒழுங்குக்குள் வரைந்தார். ஐந்தாம் இதழை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தின் கட்டங்களும் கடைசிப் பக்கத்தின் கட்டங்களும் எதிரெதிரே கண்ணாடி வைத்தது போல இருக்கும். அடுத்தடுத்த பக்கங்களும் அப்படியே. இதை வானொலி நாடகமாக்க முடியுமா? நாவலாக எழுத முடியுமா?

தொண்ணூறுகளைச் சொல்லி எங்களை மடக்கப் பார்த்தார்கள். 1991இல் ஜிம் லீ வரைந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 இலட்சம் பிரதிக்கு மேல் போனது, 1996இல் மார்வெல் நிறுவனமே திவாலானது, ஆகவே ஓவியம் கெடுத்துவிட்டது என்கிறார்கள். நல்ல கணக்கு! ஒரே இதழை ஐந்து அட்டைகளில் அச்சடித்து, பிறகு விலை ஏறும் என்று ஒரே ஆள் நாலைந்து பிரதி வாங்கிப் பெட்டியில் வைத்தால் அதற்கு ஓவியர் என்ன செய்வார்? அந்தக் காலத்துப் படங்களில் பல முறுக்கேறிய உடம்புகளும் கடித்த பற்களுமாகத்தான் இருந்தன, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்து ஓவியர் ராப் லைஃபெல்டுக்குப் பாதம் வரைய வராது என்று ரசிகர்கள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். ஆனால் அது மோசமான ஓவியத்தின் மேல் உள்ள குறை. யார் எங்கே நிற்கிறார், அடி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று விளங்காவிட்டால் எவ்வளவு நல்ல கதையும் அந்தப் பக்கத்தில் செத்துப்போகும். ஆக அந்தத் தோல்வியும் எங்களுக்குத்தான் சாட்சி.

ஒரு புள்ளியை மட்டும் எதிரணிக்கு விட்டுத்தருகிறேன். 1973இல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி பாலத்திலிருந்து விழ, ஸ்பைடர்மேன் வலையை வீசிப் பிடிக்கிறானே, அந்தக் கட்டத்தில் அவள் கழுத்தருகே 'ஸ்நாப்' என்று ஒரு சின்னச் சத்தம் எழுதியிருக்கும். விழுந்ததால் செத்தாளா, காப்பாற்றப்போனவன் இழுத்ததால் செத்தாளா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை பிடிப்பது அந்த ஒரு சொல்லால். அதைச் சேர்த்தவர் கதாசிரியர் ஜெரி கான்வே. எழுத்தின் கெட்டித்தனம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் கில் கேன் வரைந்த அந்தக் கழுத்து இல்லாவிட்டால் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார், முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் தங்கச்சிக்கு ஒரு வேலை தருகிறேன். 2013இல் வந்த 'ஹாக்ஐ' 11ஆம் இதழ், மேட் ஃப்ராக்ஷன் எழுதி டேவிட் ஆஹா வரைந்தது. நடந்த ஒரு கொலையை ஒரு நாய் மோப்பம் பிடித்துத் துப்பறியும் கதை. மனிதர் பேசுவதில் நாய்க்குப் பழகிய ஓரிரு சொல்தான் நமக்கும் கேட்கும், மீதியெல்லாம் வாசனைக்கும் ஞாபகத்துக்கும் போட்ட சின்னச் சின்னக் குறிப்படங்கள். காமிக்ஸுக்குக் கொடுக்கும் ஐஸ்னர் விருது வாங்கிய இதழ். தங்கச்சி மேடைக்கு வந்து, படத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அந்த இதழில் உள்ள வசனத்தை மட்டும் வாசித்து, கொலைகாரன் யார் என்று இந்தச் சபைக்கு விளங்கவைக்கட்டும். விளங்கிவிட்டால் நானே எழுந்து எதிரணி வாங்கில் போய் உட்காருகிறேன்.

வணக்கம்.